வலியின் வேரைத் தேடிய ஜான் வேன்



என் பாட்டியின் வீட்டில் ஒரு பழைய மைலோ டின் இருந்தது. அதில் மாத்திரைகளைப் போட்டுச் சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். மூன்று வகை மாத்திரைகள். ஒன்று இரத்த அழுத்தத்திற்கு. இன்னொன்று, ஒருமுறை மாரடைப்பு வந்த பிறகு தினமும் சாப்பிடச் சொல்லி மருத்துவர் கொடுத்த சிறிய ஆஸ்பிரின். மூன்றாவது, முட்டி வலிக்கு. முதல் இரண்டும் கிளினிக்கில் கிடைத்தவை. மூன்றாவதை வாங்கிக் கொடுத்தவள் நான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய கால்கள் அவருடையவை. மேடும் பள்ளமும் ஏறி இறங்கித் தேய்ந்துபோன முட்டிகள். விடுமுறைக்கு வீடு திரும்பும்போதெல்லாம் பட்டணத்து மருந்துக் கடையில் அந்த வலி மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கிப் போவேன். பேத்தி பார்மசி படிக்கிறாள், அவளுக்குத் தெரியாத மருந்தா என்று பாட்டிக்குப் பெருமை. எனக்கும் பெருமைதான். அப்போது நான் இரண்டாம் ஆண்டு மாணவி.

ஒரு தீபாவளி விடுமுறையில் பாட்டி சமையலறையில் மயங்கி விழுந்தார். சில நாள்களாகவே மலம் தார் போலக் கறுப்பாகப் போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இரைப்பையில் புண்; அதிலிருந்து இரத்தம் கசிந்திருக்கிறது. இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று மருத்துவர் கேட்டபோது அப்பா அந்த மைலோ டின்னையே எடுத்து நீட்டினார். மருத்துவர் வலி மாத்திரை அட்டையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, இதை யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டார். அந்த நேரம் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் வார்டில் பாட்டி என்னிடம் ஒன்று கேட்டார். முட்டிக்குப் போட்ட மாத்திரை வயிற்றை எப்படிப் புண்ணாக்கும் என்பதுதான் அந்தக் கேள்வி. விரிவுரைக் குறிப்பில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன். பாட்டி தலையை ஆட்டினார். அவருக்குப் புரியவில்லை என்பது தெரிந்தது. எனக்கே அது புரியவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தேர்வுக்காக மனனம் செய்த ஒரு வரி அது, அவ்வளவுதான்.

அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க ஒரு மனிதர் எத்தனை ஆண்டுகள் உழைத்தார் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். அவர் பெயர் ஜான் ராபர்ட் வேன். படிக்கப் படிக்க எனக்கு வியப்பு கூடியது. பாட்டியின் டின்னில் இருந்த மூன்று மாத்திரைகளுமே அவருடைய ஆய்வோடு தொடர்புடையவை. அவருடைய வாழ்க்கையை இந்த இதழின் வழி உங்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன்.

அடுப்படியில் தொடங்கிய ஆய்வு

ஜான் வேன் 29 மார்ச் 1927இல் இங்கிலாந்தின் வூஸ்டர்ஷியர் மாவட்டத்தில் உள்ள டார்டெபிக் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையின் பெற்றோர் ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதர்கள். தாயின் குடும்பம் விவசாயக் குடும்பம். தந்தை எடுத்துச் செல்லக்கூடிய கட்டடங்களைச் செய்யும் சிறிய நிறுவனத்தை நடத்தி வந்தார். மூன்று பிள்ளைகளில் வேன் ஒருவர்.

அவருக்குப் 12 வயதானபோது கிறிஸ்துமஸ் பரிசாக வேதியியல் சோதனைப் பெட்டி ஒன்று கிடைத்தது. அம்மாவின் கேஸ் அடுப்பில் குழாயை இணைத்துச் சமையலறையிலேயே சோதனைகள் செய்யத் தொடங்கினார். ஒரு நாள் சிறிய வெடிப்பு நிகழ்ந்தது. புதிதாகச் சாயம் பூசிய நீலச் சுவர் அழுக்குப் பச்சை நிறமாக மாறிவிட்டது. வேறு வீடாக இருந்திருந்தால் அன்றோடு அந்தப் பெட்டி குப்பைக்குப் போயிருக்கும். அவருடைய தந்தையோ தோட்டத்தில் ஒரு மரக்கொட்டகையைக் கட்டி, மேசை போட்டு, தண்ணீருக்கும் கேஸுக்கும் வழி செய்து கொடுத்தார். வேனின் முதல் ஆய்வுக்கூடம் அதுதான். பிற்காலத்தில் எத்தனையோ பெரிய ஆய்வுக்கூடங்களை நடத்திய அவர், தம் வாழ்க்கைக் குறிப்பில் அந்தக் கொட்டகையை மறக்காமல் குறிப்பிட்டிருக்கிறார்.

1944இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கச் சேர்ந்தார். ஆனால் பல்கலைக்கழக வேதியியல் அவருக்குச் சலிப்பைத் தந்தது. புத்தகத்தில் சொன்னபடி கலந்து, புத்தகத்தில் சொன்ன விடையைப் பெறும் பயிற்சியாக அது அவருக்குத் தோன்றியது. படிப்பு முடியும் தறுவாயில் பேராசிரியர் மாரிஸ் ஸ்டேசி அவரை அழைத்து, அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். வேதியியல் தவிர எதுவானாலும் சரி என்று பதில் சொன்னார் வேன். அன்று காலைதான் ஆக்ஸ்ஃபர்டிலிருந்து பேராசிரியர் ஹெரால்ட் பர்ன் எழுதிய கடிதம் ஸ்டேசிக்கு வந்திருந்தது. மருந்தியலில் பயிற்சி கொடுக்க இளம் வேதியியல் மாணவர் ஒருவர் வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். போகிறாயா என்று கேட்டதும் வேன் சம்மதித்துவிட்டார். பிறகுதான் நூலகத்திற்குப் போய், மருந்தியல் என்றால் என்ன என்று தேடிப் பார்த்தார்.

தேர்ந்தெடுத்த துறை பிடிக்காமல் தவிக்கும் நண்பர்கள் நம்மிடையே பலர் உண்டு. அவர்களுக்காகவே இந்தச் சம்பவத்தை இங்கே சற்று விரிவாக எழுதினேன்.

நான்கு சொட்டு, நான்கு தசைத் துண்டு

ஆக்ஸ்ஃபர்டில் பர்ன் அவருக்குக் கற்றுக் கொடுத்த கலை உயிர்வழி மதிப்பீடு. அதாவது, ஒரு திரவத்தில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கருவியால் அளக்காமல், உயிருள்ள தசையின் அசைவால் அளப்பது. எலியின் இரைப்பையிலிருந்து எடுத்த மெல்லிய தசைத் துண்டு ஒன்றை உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, மேல்முனையை ஒரு நெம்புகோலோடு கட்டுவார்கள். அந்தப் பொருள் பட்டதும் தசை சுருங்கும் அல்லது தளரும். நெம்புகோலின் முனை சுழலும் உருளையில் கோடாக வரையும். அந்தக் கோட்டின் உயரமே அளவு.

1953இல் முனைவர் பட்டம் பெற்ற வேன், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் பணிபுரிந்தார். 1955இல் இலண்டன் திரும்பி, அறுவை மருத்துவர்களின் அரசக் கல்லூரியில் இயங்கிய ஆய்வுக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே 18 ஆண்டுகள் இருந்தார். அவருடைய பெயரை உலகறியச் செய்த வேலைகளுக்கு அங்கேதான் அடித்தளம் அமைந்தது.

1960களில் அவர் செய்த புதுமை எளியது, ஆனால் கூர்மையானது. ஒரே தசைத் துண்டுக்குப் பதிலாகப் பல துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டார். மேலிருந்து இரத்தம் அல்லது ஓர் உறுப்பின் வழியாக வந்த கரைசல் சொட்டுச் சொட்டாக ஒவ்வொரு துண்டின் மீதும் வழிந்து இறங்கும். எலியின் இரைப்பைத் துண்டு ஒரு பொருளுக்குச் சுருங்கும். முயலின் பெருந்தமனித் துண்டு வேறொன்றுக்குச் சுருங்கும். இன்னொன்று அதே பொருளுக்குத் தளரும். எல்லாத் துண்டுகளின் அசைவையும் சேர்த்துப் பார்த்தால், வந்த பொருள் யாரென்று அடையாளம் தெரிந்துவிடும். சில நிமிடங்களில், ஏன் சில நொடிகளில் அழிந்துவிடும் பொருள்களைக்கூட இம்முறையில் பிடித்துவிடலாம். விலையுயர்ந்த கருவிகள் வந்த காலத்திலும் வேன் இந்த முறையைக் கைவிடவில்லை.

முதல் மாத்திரை: பாம்பு நஞ்சிலிருந்து

இந்தச் சொட்டு முறையால் வேனும் அவருடைய குழுவினரும் ஓர் உண்மையைக் கண்டனர். நுரையீரல் காற்றை மட்டும் மாற்றும் பை அன்று. அதன் வழியாகப் போகும் இரத்தத்தில் உள்ள பொருள்களையும் அது மாற்றுகிறது. ஆஞ்சியோடென்சின் என்னும் பொருள் முதலில் வலுவற்ற வடிவில் உருவாகி, பிறகு ஒரு நொதியால் இரத்தக்குழாயை இறுக்கும் வலுவான வடிவத்திற்கு மாறுகிறது. இந்த மாற்றம் பெரும்பாலும் நுரையீரலில்தான் நடக்கிறது என்பதை 1967இல் இங் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து வேன் காட்டினார்.

அதே காலக்கட்டத்தில் பிரேசில் நாட்டிலிருந்து செர்ஜியோ ஃபெரேரா என்னும் இளம் ஆய்வாளர் அவரிடம் வந்து சேர்ந்தார். ஜராரக்கா என்ற பிரேசில் விரியன் பாம்பின் நஞ்சிலிருந்து பிரித்தெடுத்த பொருளைத் தம்மோடு கொண்டு வந்திருந்தார். அப்பாம்பு கடித்தவரின் இரத்த அழுத்தம் வேகமாகச் சரியும். ஆஞ்சியோடென்சினை மாற்றும் அந்த நொதியின் மேல் இதைச் சோதித்துப் பார்க்கும்படி வேன் யோசனை சொன்னார். அவருடைய சகாவான பாக்லே அதைச் செய்தார். நஞ்சிலிருந்து வந்த பொருள் நொதியைத் தடுத்து நிறுத்தியது.

ஸ்குவிப் என்ற மருந்து நிறுவனத்தின் ஆலோசகராக இருந்த வேன், இந்த வழியில் இரத்த அழுத்தத்திற்கு மருந்து தேடலாம் என்று அவர்களை ஊக்குவித்தார். அங்கே பணிபுரிந்த குஷ்மனும் ஒண்டெட்டியும் உருவாக்கிய காப்டோபிரில் என்ற மருந்து 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் பின் அதே வகையில் பல மருந்துகள் வந்தன. பாட்டியின் டின்னில் இருந்த இரத்த அழுத்த மாத்திரை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இரண்டாம் மாத்திரை: ஒரு திங்கட்கிழமை

இனி, வலி மாத்திரைக்கு வருவோம். காய்ச்சலுக்கு வில்லோ மரப்பட்டை நல்லது என்று எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார் 1763இல் இங்கிலாந்தின் அறிவியல் கழகத்திற்கு எழுதினார். அந்தப் பட்டையில் உள்ள பொருளின் வழிவந்த ஆஸ்பிரினை ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1899இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அது காய்ச்சலைக் குறைத்தது; வீக்கத்தை வற்றச் செய்தது; வலியைத் தணித்தது; வயிற்றையும் புண்ணாக்கியது. ஒரே பொருள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இத்தனை வேலைகளை எப்படிச் செய்கிறது? 70 ஆண்டுகளுக்கு மேலாக உலகமே விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரைக்கு இந்தக் கேள்விக்கான விடை இல்லை.

1969இல் வேனும் அவருடைய மாணவியான பிரிசில்லா பைப்பரும் ஒவ்வாமை ஏற்படுத்திய கினிப் பன்றியின் நுரையீரலிலிருந்து வழிந்த கரைசலைத் தசைத் துண்டுகளின் மேல் சொட்டவிட்டனர். முயலின் பெருந்தமனித் துண்டைச் சுருக்கும் புதிய பொருள் ஒன்று அதில் இருந்தது. ஆஸ்பிரின் கொடுத்தால் அந்தப் பொருள் வெளிவருவதில்லை. அதே கரைசலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்களும் இருந்தன. 1935இல் சுவீடனின் உல்ஃப் வான் ஆய்லர் பெயரிட்ட பொருள் அது. வீக்கம் உள்ள இடத்தில் அது காணப்படுகிறது என்பது அப்போது தெரிந்திருந்தது.

1971இல் ஒரு வார இறுதியில் வேன் வீட்டில் அமர்ந்து கட்டுரை ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். புரோஸ்டாகிளாண்டின் உடலில் எங்கும் சேமித்து வைக்கப்படுவதில்லை. திசுவைக் கொஞ்சம் அழுத்தினாலும் அது வெளிவருகிறது. சேமிப்பில் இல்லாதது வெளிவருகிறதென்றால், அது அந்த நேரத்திலேயே செய்யப்படுகிறது என்றுதான் பொருள். அப்படியானால் ஆஸ்பிரின் தடுப்பது அது வெளிவருவதை அன்று; அது செய்யப்படுவதையே!

இதை நான் என் மனத்தில் இப்படி வைத்துக்கொண்டேன். மாமாக் கடையில் ரொட்டி சானாயைச் சுட்டு அடுக்கி வைப்பதில்லை. கேட்டவுடன் மாவு உருண்டையை எடுத்து வீசிச் சுட்டுத் தருவார்கள். புரோஸ்டாகிளாண்டினும் அப்படித்தான். செல் சவ்வில் இருக்கும் அராக்கிடோனிக் அமிலம் மாவு. சைக்ளோ ஆக்ஸிஜனேஸ் என்னும் நொதி ரொட்டி போடுபவர். ஆஸ்பிரின் மேசையில் இருக்கும் ரொட்டியைப் பறிப்பதில்லை. ரொட்டி போடுபவரின் கையைக் கட்டுகிறது.

திங்கட்கிழமை காலை வேன் தம் சகாக்களிடம் இந்த எண்ணத்தைச் சொல்லிவிட்டு, நேரே சோதனையில் இறங்கினார். கினிப் பன்றியின் நுரையீரலை அரைத்து, அராக்கிடோனிக் அமிலத்தைச் சேர்த்து, எவ்வளவு புரோஸ்டாகிளாண்டின் உண்டாகிறது என்று தசைத் துண்டால் அளந்தார். ஆஸ்பிரினைக் கூட்டக் கூட்ட உற்பத்தி குறைந்தது. வீக்கத்திற்கு வலுவான மருந்தான இண்டோமெதாசின் இன்னும் அதிகமாகக் குறைத்தது. வலியைத் தணித்தாலும் வேறு வகையைச் சேர்ந்த மார்ஃபினால் பெரிய மாற்றம் இல்லை. 72 ஆண்டுகள் காத்திருந்த விடையின் முதல் சான்று அன்று மாலைக்குள் அவர் கைக்கு வந்துவிட்டது.

அந்த ஆண்டு ஜூன் மாதம் நேச்சர் நியூ பயாலஜி இதழில் வேனின் கட்டுரை வெளிவந்தது. அதே இதழில், மனித இரத்தத் தட்டணுக்களில் இதே விளைவைக் கண்ட ஸ்மித், வில்லிஸ் இருவரின் கட்டுரையும், ஃபெரேரா, மொன்காடா ஆகியோர் வேனோடு சேர்ந்து எழுதிய கட்டுரையும் இருந்தன.

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். முட்டியில் வீக்கத்தையும் வலியையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின், இரைப்பையில் வேறு வேலை செய்கிறது. அங்கே அது வழுவழுப்பான கோழைப் படலத்தைச் சுரக்கச் செய்து, இரத்த ஓட்டத்தைப் பேணி, இரைப்பையின் சுவரை அதன் சொந்த அமிலத்திடமிருந்தே காக்கிறது. நாம் விழுங்கிய மாத்திரைக்கு முட்டி எது, வயிறு எது என்று தெரியாது. இரத்தத்தில் கலந்து உடல் முழுதும் போகிறது. போகும் இடமெல்லாம் கையைக் கட்டுகிறது. முட்டியில் வலி நிற்கிறது. வயிற்றில் காவல் நிற்கிறது. விரிவுரைக் குறிப்பில் இருந்த ஒரு வரியின் பொருள் இதுதான்.

மூன்றாம் மாத்திரை: இரத்தக்குழாய் பேசிய மொழி

1973இல் வேன் கல்லூரியை விட்டு வெல்கம் மருந்து நிறுவனத்தின் ஆய்வு, மேம்பாட்டு இயக்குநராகப் பொறுப்பேற்றார். கல்வித் துறையை விட்டு வணிகத்திற்குப் போவதா என்று நண்பர்கள் சிலர் தடுத்தனர். ஆனால் அவருடைய வாழ்வின் இன்னொரு பெரிய கண்டுபிடிப்பு அங்கேதான் நிகழ்ந்தது.

இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறையச் செய்பவை. அவற்றில் உண்டாகும் துரோம்பாக்ஸேன் என்ற பொருளை 1975இல் சுவீடனின் சாமுவேல்சன் குழுவினர் கண்டறிந்தனர். அது தட்டணுக்களை ஒட்ட வைக்கிறது, இரத்தக்குழாயை இறுக்குகிறது. 1969இல் வேனும் பைப்பரும் தசைத் துண்டில் கண்ட அந்தப் பெயரில்லாப் பொருள் பெரும்பாலும் இதுவே என்பது அப்போது தெளிவானது.

வேறு எந்தத் திசுக்களில் துரோம்பாக்ஸேன் உண்டாகிறது என்று வேனின் குழு தேடியது. அக்குழுவில் ஹோண்டுராஸ் நாட்டில் பிறந்த சால்வடோர் மொன்காடா, போலந்திலிருந்து வந்திருந்த கிரிக்லெவ்ஸ்கி, பண்டிங் ஆகியோர் இருந்தனர். இரத்தக்குழாய்ச் சுவரைச் சோதித்தபோது எதிர்பார்த்தது வரவில்லை. தசைத் துண்டுகள் சுருங்கவில்லை. மூலப்பொருள் மட்டும் காணாமல் போயிருந்தது. சோதனை தவறிவிட்டது என்று நினைத்துக் கரைசலைக் கொட்டியிருக்கலாம். அவர்கள் கொட்டவில்லை. காணாமல் போனது வேறு எதுவாகவோ மாறியிருக்க வேண்டும் என்று தேடினர். துரோம்பாக்ஸேனுக்கு நேர் எதிரான பொருள் ஒன்று கிடைத்தது. அது இரத்தக்குழாயை விரிக்கிறது. தட்டணுக்களை ஒட்டவிடாமல் தடுக்கிறது. சில நிமிடங்களில் அழிந்தும் விடுகிறது. 1976இல் வெளியிட்ட இந்தப் பொருளுக்குப் புரோஸ்டாசைக்ளின் என்று பெயர் அமைந்தது.

இரத்தக்குழாய் என்பது இரத்தம் ஓடும் வெறும் குழாய் என்று நினைத்தவர்களுக்கு இது புதிய செய்தி. குழாயின் சுவரும் ஓர் உறுப்பைப் போலப் பொருள்களைச் சுரந்து, இங்கே உறையாதே என்று இரத்தத்திற்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. தட்டணுவோ உறை என்கிறது. இந்த இரண்டின் சமநிலையில்தான் நம் இதயம் இயங்குகிறது. நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறிய நோயாளிகளுக்குப் புரோஸ்டாசைக்ளினே மருந்தாக 1995இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது.

சிறிய ஆஸ்பிரினின் மர்மமும் இங்கேதான் விடுபடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லை. ஆகவே ரொட்டி போடுபவரின் கையை ஒருமுறை கட்டிவிட்டால், வேறு ஆளை அமர்த்த அதனால் முடியாது. அதன் ஆயுளான எட்டு முதல் பத்து நாள் வரை அது முடங்கியே கிடக்கும். இரத்தக்குழாய்ச் சுவரின் செல்லுக்கு உட்கரு உண்டு; அது சில மணி நேரத்தில் புதிய நொதியைச் செய்துகொள்ளும். எனவே சிறிய அளவு ஆஸ்பிரின் தீயதை நிறுத்தி, நல்லதைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. 1988இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், மாரடைப்பு என ஐயுற்ற 17,187 நோயாளிகள் கலந்து கொண்டனர். உடனே தொடங்கி ஒரு மாதம் கொடுத்த ஆஸ்பிரின், இதய, இரத்தக்குழாய் நோய்களால் நேரும் இறப்பை 23 விழுக்காடு குறைத்தது. டிங்கிக் காய்ச்சலின்போது ஆஸ்பிரின் சாப்பிடக்கூடாது என்று நம் நாட்டில் எச்சரிப்பதற்கும் காரணம் இதுவே. ஏற்கெனவே தட்டணுக்கள் குறையும் நேரத்தில், இருப்பவற்றையும் முடக்கினால் இரத்தம் நிற்காது.

1982ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசை ஜான் வேன், சுவீடனின் பெர்க்ஸ்ட்ராம், சாமுவேல்சன் ஆகியோரோடு பகிர்ந்து கொண்டார். 1984இல் சர் பட்டம் பெற்றார். 1986இல் இலண்டன் செயிண்ட் பார்த்தலோமியூ மருத்துவக் கல்லூரியில் புதிய ஆய்வுக் கழகம் ஒன்றை நிறுவி, இரத்த ஓட்டத்தை 1628இல் உலகுக்கு விளக்கிய வில்லியம் ஹார்வியின் பெயரை அதற்குச் சூட்டினார். ஹார்வி அதே மருத்துவமனையில் பணிபுரிந்தவர்.

வெற்றிக்குப் பின்னால் வந்த பாடம்

1991இல் சைக்ளோ ஆக்ஸிஜனேஸில் இரண்டு வகை உண்டு என்பது தெரிய வந்தது. முதல் வகை இரைப்பையிலும் தட்டணுவிலும் எப்போதும் வேலையில் இருப்பது. இரண்டாம் வகை பெரும்பாலும் வீக்கம் வரும்போது வரவழைக்கப்படுவது. கடையில் தினமும் நிற்பவர் ஒருவர்; கூட்டம் கூடும்போது மட்டும் வருபவர் இன்னொருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாமவரின் கையை மட்டும் கட்டினால் வலி போகும், வயிறு தப்பிக்கும் அல்லவா? வேனும் இந்த வழியை நம்பினார். அவருடைய கழகத்தில் பழைய மருந்துகள் எந்த வகையை எவ்வளவு தடுக்கின்றன என்று அளந்தனர். ஆஸ்பிரினை விட மேலான மருந்தை நோக்கிப் போகிறோம் என்று 1994இல் நேச்சர் இதழில் அவர் எழுதினார்.

இந்த வழியில் வந்த ரோஃபெகாக்ஸிப் என்னும் மருந்து, வயாக்ஸ் என்ற பெயரில் 1999இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இரைப்பையைக் குறைவாகவே பாதித்தது உண்மை. ஆனால் அதே 1999இல் பென்சில்வேனியாவின் ஃபிட்ஸ்ஜெரால்ட் குழுவினர் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டனர். இவ்வகை மருந்துகள் உடலில் புரோஸ்டாசைக்ளினைக் குறைக்கின்றன. தட்டணுவின் துரோம்பாக்ஸேனையோ தொடுவதில்லை. அதாவது, உறை என்று சொல்பவன் பேசிக்கொண்டிருக்க, உறையாதே என்று சொல்பவனின் வாயை மட்டும் பொத்துகின்றன. ஆண்டுகள் சென்றன. நீண்டகால ஆய்வொன்றில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடியது தெரிந்ததால், மெர்க் நிறுவனம் 30 செப்டம்பர் 2004இல் அந்த மருந்தை உலகெங்கும் மீட்டுக்கொண்டது.

அதற்கு ஏழு வாரங்களுக்குப் பிறகு, 19 நவம்பர் 2004இல் சர் ஜான் வேன் தமது 77ஆம் வயதில் காலமானார்.

இதை முதலில் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஒரு பெரியவரின் வாழ்வு இப்படியா முடிய வேண்டும் என்று தோன்றியது. பிறகு யோசித்தபோது வேறொன்று விளங்கியது. அந்த மருந்து ஏன் இதயத்தைத் தாக்கியது என்று நமக்குப் புரிகிறதென்றால், அதற்கும் வேன் குழுவினர் 1976இல் கண்ட புரோஸ்டாசைக்ளின்தான் காரணம். நம்பிக்கை தவறலாம், அவர் கண்ட உண்மை தவறவில்லை. அந்த நம்பிக்கையைத் திருத்தும் கருவியையும் அவரே நம்மிடம் விட்டுச் சென்றிருக்கிறார்.

வாசகர்களே, ஜான் வேனின் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். உடலில் நல்லது, கெட்டது என்று முத்திரை குத்திய பொருள் எதுவும் இல்லை. முட்டியில் வலிப்பது வயிற்றில் காக்கிறது. காயத்தில் இரத்தத்தை நிறுத்துவது இதயத்தில் மாரடைப்பாகிறது. ஆகவே ஒரு மாத்திரையைக் கையில் எடுக்கும்போது இது எதற்கு நல்லது என்று மட்டும் கேட்பது போதாது. இது வேறு எங்கெல்லாம் போகும், அங்கே என்ன செய்யும் என்றும் கேட்க வேண்டும். அந்த இரண்டாவது கேள்வியைத்தான் நான் என் பாட்டிக்காகக் கேட்கத் தவறினேன். ஆஸ்பிரினோடு இன்னொரு வலி மாத்திரையும் சேர்ந்தால் இரைப்பையில் இரத்தம் கசியும் வாய்ப்பு கூடும் என்பது என் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. இரத்த அழுத்த மாத்திரையின் வேலையை வலி மாத்திரை கெடுக்கக்கூடும் என்பதும் இருந்தது. நான் டின்னைத் திறந்து பார்க்கவில்லை.

பாட்டி பிழைத்து வீடு திரும்பினார். ஒரு மாலை அவர் பக்கத்தில் அமர்ந்து, ரொட்டி சானாய்க் கதையாக இதையெல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். அப்படியென்றால் அந்த மாத்திரை பாவம், அதற்குக் கண் தெரியாது என்றார். அவ்வளவு தெளிவாக எந்த விரிவுரையாளரும் எனக்குச் சொன்னதில்லை. முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடுவது அதன் பிறகு என் வேலையாயிற்று.

அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது, உங்கள் தாத்தா பாட்டியின் டின்னை, பையை, அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாக எழுதி, அடுத்த முறை கிளினிக்கிற்குப் போகும்போது அந்தத் தாளை மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்ததை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கேளுங்கள். எல்லாரும் விழுங்கிய ஒரு மாத்திரையைப் பார்த்து, இது எப்படி வேலை செய்கிறது என்று ஒருவர் கேட்டதால்தான் இத்தனை உயிர்கள் பிழைத்தன. கேட்பதற்கு நோபல் பரிசு தேவையில்லை.